விட்ட கரடியல்ல; வந்த கரடி!

“நன்றாக விடுகிறாரப்பா கரடி!”

தேநீர்க் கடைப் பெஞ்சிலே, ஆலை வாயிலிலே, பொதுக்கூட்டம் முடிந்து திரும்பும் வழியிலே இந்தச் சொல் காதில் விழாத நாளில்லை. நடவாததை நடந்ததென்று அளப்பவரை நம் மக்கள் நையாண்டி செய்யும் முறை அது. இன்று நாம் எழுதப் போவதும் கரடியைப் பற்றித்தான். ஆனால் தோழர்களே, இது நாம் விடுகிற கரடியல்ல; ஊரைவிட்டே விரட்டப்பட்டு, காடு அழிக்கப்பட்டு, இனமே முடிந்தது என்று ஏட்டில் எழுதப்பட்ட பிறகு, தன் காலாலேயே நடந்து வந்து, தன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிற கரடி!

எங்கே? அமெரிக்க நாட்டின் தென்கோடியில், மிசிசிப்பி ஆறு பாயும் சமவெளியில். ஆற்றின் ஒருகரை லூசியானா மாநிலம். மறுகரை மிசிசிப்பி மாநிலம்.

அங்கே ஓடைக்கரைச் சேற்றிலே ஒரு காலடி தென்படுகிறது. பார்த்தவர் திடுக்கிடுகிறார். வெறுங்காலோடு ஒரு மனிதன் நடந்து போனது போலவே இருக்கிறது. ஐந்து விரல், அகன்ற பாதம், அழுந்திய குதிகால்! உற்றுப் பார்த்தால்தான் வேறுபாடு தெரிகிறது. விரல் நுனிக்கு முன்னே நகம் குத்திய குழி. பெருவிரல் உட்பக்கம் இல்லை, வெளிப்பக்கம் இருக்கிறது. கரடியின் பின்னங்கால்! சற்றுத் தள்ளி ஒரு மரம். ஆள் உயரத்தில் பட்டை கீறிக் கிழிந்திருக்கிறது. வேலியின் முள்கம்பியிலே கொத்தாகக் கறுத்த மயிர். சோளக் கொல்லையின் நடுவிலே பாய் விரித்தாற்போல் மடிந்து கிடக்கும் தட்டைகள். “வந்துவிட்டது” என்கிறார் காட்டிலாகா ஊழியர். மயிரை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். மயிரின் வேரிலே உள்ள மரபுக்கூறு, அது ஆணா பெண்ணா, எந்தக் காட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையெல்லாம் சொல்லிவிடுகிறது.

“சரி, கரடி வந்தால் நமக்கென்ன? இரவு வேலை முடிந்து வருகிற எங்களுக்கு, கடல் கடந்த நாட்டுக் கரடியோடு என்ன உறவு?” என்று கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும்; கேட்கத்தான் வேண்டும். அவருக்கு நாம் சொல்வோம்: தோழரே, அந்தக் கரடி உம் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது! உம் குழந்தை கட்டிப் பிடித்துக்கொண்டு உறங்குகிறதே, திருவிழாக் கடையில் வாங்கிய கரடிப் பொம்மை, ‘டெடி’ என்று பெயர் சொல்லி விற்கிறார்களே, அது அந்தக் காட்டுக் கரடியின் பிம்பம்தான்!

அந்தக் கதையைக் கேளுங்கள்.

1902-ஆம் ஆண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட். அவரைச் செல்லமாக ‘டெடி’ என்பார்கள். அப்படி அழைப்பது அவருக்குப் பிடிக்காது என்பது வேறு செய்தி. அவ்வாண்டு மே திங்களிலே பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை நிறுத்தத்தில் இறங்கினர். குளிர்காலம் நெருங்குகிறது, அடுப்புக்குக் கரியில்லை. குடியரசுத் தலைவர் தலையிட, அக்டோபரிலே வேலை நிறுத்தம் முடிந்தது. களைப்புத் தீர வேட்டைக்குப் புறப்பட்டார். நவம்பரிலே மிசிசிப்பி மாநிலத்து ஆன்வர்டு என்னும் சிற்றூரின் அருகே கூடாரம் அடித்தார்கள்.

வேட்டைக்கு வழிகாட்டி யார்? ஹோல்ட் காலியர் என்ற கறுப்பினத்தவர். அடிமையாய்ப் பிறந்தவர். பத்து வயதிலேயே முதல் கரடியை வீழ்த்தியவர். இருப்புப்பாதை போட வந்த தொழிலாளிகளுக்கும், மரம் வெட்ட வந்தவர்களுக்கும் கரடிக்கறி கொடுத்துப் பிழைத்தவர். புதர் எங்கே, பொந்து எங்கே, நாய் எந்தக் குரலில் குரைத்தால் கரடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். படிப்பாளிகள் ஏட்டில் தேடுவதை அவர் சேற்றில் படித்தார்.

நவம்பர் 14. காலியர் நாய்களோடு கரடியைத் துரத்திக்கொண்டு வருகிறார். தலைவர் காத்திருக்க வேண்டிய இடத்தில் தலைவர் இல்லை, உணவுக்குப் போய்விட்டார்! கரடியோ வந்துவிட்டது, நாய் ஒன்றை அடித்துக் கொன்றும் விட்டது. தலைவருக்காக அதை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்பது காலியருக்கு இடப்பட்ட கட்டளை. துப்பாக்கிக் கட்டையால் கரடியின் தலையில் அடித்து, கயிற்றை வீசிக் கழுத்தில் மாட்டி, மரத்தோடு பிணைத்துவிட்டார் அந்த மாவீரர். பெரிய மனிதர்கள் சோறு உண்ணப் போன நேரத்தில், ஒற்றை ஆளாய்ச் செய்த செயல் அது!

ரூஸ்வெல்ட் ஓடி வந்தார். “சுடுங்கள்” என்றார்கள் உடனிருந்தோர். சுட மறுத்தார். கட்டிப்போட்ட விலங்கைச் சுடுவது வேட்டைக்காரனுக்கு அழகல்ல என்பது அவர் எண்ணம். இரண்டு நாளில், நவம்பர் 16 அன்று, ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஏட்டிலே கிளிஃபர்டு பெரிமன் என்ற ஓவியர் அந்தக் காட்சியைக் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். நாடே பார்த்தது; நாடே பாராட்டியது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம், ரோஸ் மிக்டம் என்ற தம்பதியர், ரஷ்யாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்தார், துணியிலே ஒரு கரடிக்குட்டி தைத்துக் கடைக்கண்ணாடியில் வைத்து, ‘டெடியின் கரடி’ என்று பெயரிட்டார்கள். விற்றது, விற்றது, உலகமெல்லாம் விற்றது! மிட்டாய்க் கடை பொம்மைத் தொழிற்சாலையாயிற்று.

சரி, அந்தக் கரடி என்னவாயிற்று?

பொம்மை வாங்கியவர்கள் கேட்காத கேள்வி இது. தலைவர் சுட மறுத்தார், உண்மை. ஆனால் அடிபட்டுத் துடித்த கரடியின் வேதனையை முடித்துவிடுங்கள் என்றும் சொன்னார். கத்தியால் குத்திக் கொன்றார்கள். குண்டுக்குத் தப்பிய கரடி கத்திக்குத் தப்பவில்லை! இரக்கம் என்ற பெயர் தலைவருக்குக் கிடைத்தது. இலாபம் கடைக்காரருக்குக் கிடைத்தது. கரடிக்குக் கிடைத்தது கத்தி!

ஐந்தாண்டு கழித்து, 1907-இல், அதே தலைவர் அதே காலியரை அழைத்துக்கொண்டு ஆற்றின் மறுகரையில், லூசியானாவின் டென்சாஸ் ஆற்றங்கரைக் காட்டுக்குப் போனார். அங்கே கரடியைச் சுட்டும் வீழ்த்தினார். அதற்கு எந்தக் கடையும் பொம்மை செய்யவில்லை.

ரூஸ்வெல்ட் கெட்டவர் என்று நாம் சொல்ல வரவில்லை. காடுகளுக்கும் விலங்குகளுக்கும் அவர் ஆட்சியில் ஒதுக்கிய புகலிடங்கள் பல. நாம் சொல்ல வருவது வேறு. ஒரு கரடிக்கு ஒரு மனிதர் காட்டும் இரக்கம் ஒரு நாள் செய்தி. ஓர் இனம் வாழ்வதற்கு இரக்கம் போதாது; இடம் வேண்டும்!

அந்த இடம் எப்படிப் போயிற்று?

மிசிசிப்பி ஆற்றின் கீழ்ச் சமவெளியில் ஒரு காலத்தில் 2 கோடியே 40 இலட்சம் ஏக்கர் காடு இருந்தது. வெள்ளம் வந்து வந்து வண்டல் கொட்டிய மண். ஓக் மரங்கள், சைப்ரஸ் மரங்கள், மூங்கில் போல் அடர்ந்த நாணல்கள். அந்த மண்ணின் கருமையைப் பார்த்தவனுக்குப் பருத்தியின் வெண்மை கண்ணில் பட்டது. மரத்தை வெட்டு, வேரைப் பிடுங்கு, கரையைக் கட்டு, பருத்தி போடு! யார் வெட்டியது? யார் கரை கட்டியது? பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர். அடிமைத்தனம் 1865-இல் சட்டத்தில் ஒழிந்தது; வாழ்க்கையில் ஒழியவில்லை. காடு திருத்திய இடத்திலே சொந்தமாய்க் காணி வாங்கிய கறுப்பின உழவர்களும் இருந்தார்கள். பருத்தி விலை விழுந்தது, கடன் ஏறியது, காணி கைமாறியது. காட்டை அழித்தவன் கையிலும் காணி தங்கவில்லை. காட்டில் இருந்த கரடிக்கும் வீடு இல்லை. இருவரையும் வெளியேற்றியது ஒரே கணக்குப் புத்தகம்!

தையல் பொறி என்றால் நமக்குச் சிங்கர் நினைவுக்கு வரும். அந்த நிறுவனம் 1913-ஆம் ஆண்டு, தையல் பொறிக்கு மேசையும் பெட்டியும் செய்ய மரம் வேண்டுமென்று, லூசியானாவில் டென்சாஸ் ஆற்றங்கரையில் 80,000 ஏக்கர் அளவுக்குக் காடு வாங்கியது. கரடி சுட ரூஸ்வெல்ட் போனாரே, அந்த வட்டாரம்தான். பிறகு, 1930-களின் பிற்பகுதியில், மரம் வெட்டும் உரிமை சிகாகோ மர ஆலைக் குழுமம் ஒன்றின் கைக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போர் மூண்டது. மரத்துக்குத் தேவை மிகுந்தது. தந்தம் போல் வெளுத்த அலகு கொண்ட பெரிய மரங்கொத்திப் பறவை ஒன்று அந்தக் காட்டில் எஞ்சியிருந்தது; அதற்காகவேனும் காட்டை விடுங்கள் என்று நான்கு மாநில ஆளுநர்கள் வேண்டினார்கள். ஆலை விடவில்லை. சிறைப்பட்ட செருமானியப் போர்வீரர்களையும் கொண்டு வந்து வெட்டினார்கள். 1944-இல் அந்தக் காட்டில் ஒற்றைப் பெண் மரங்கொத்தியைப் பார்த்து ஓவியர் ஒருவர் படம் வரைந்தார். அதன் பிறகு அங்கே அது இல்லை. 1960-களிலும் 1970-களிலும் சோயா மொச்சை விலை ஏறியது. எஞ்சிய காட்டிலும் ஏர் ஏறியது. 1980 வாக்கில் 2 கோடியே 40 இலட்சம் ஏக்கர் 50 இலட்சமாகச் சுருங்கியது.

கரடி? மிசிசிப்பி மாநிலத்தில் 1932-ஆம் ஆண்டு கணக்கெடுத்தபோது பன்னிரண்டுகூட இல்லை! லூசியானாவில் 1950-களின் இறுதியில் 80 முதல் 120 வரை. உலகத்துக் குழந்தைகளின் கையில் கோடிக்கணக்கில் பொம்மைக் கரடி. அந்தப் பொம்மை பிறந்த மண்ணில் ஒரு டஜன் உயிர்க் கரடி இல்லை. பொம்மை பெருகியது, பிறவி அருகியது!

அரசு சும்மா இருந்ததா? இல்லை, ஒரு முயற்சி செய்தது. 1964 முதல் 1967 வரை, வடக்கே வெகு தொலைவில் உள்ள மினசோட்டா மாநிலத்திலிருந்து 161 கரடிகளைப் பிடித்துக் கொண்டு வந்து லூசியானாவில் விட்டார்கள். வேட்டைக்குக் கரடி வேண்டும் என்பது நோக்கம். விட்ட கரடிகளில் பல, வந்த வழி தேடி ஓடின. சாலையில் அடிபட்டுச் செத்தன பல. ஊருக்குள் புகுந்து சுடப்பட்டன பல. ஆம் தோழர்களே, ‘விட்ட கரடி’ நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மாறியது எப்போது?

1992-ஆம் ஆண்டு சனவரியில் இந்தக் கரடிக்கு நடுவண் அரசின் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. சட்டம் என்றதும் மர ஆலைத் தொழிலாளி அஞ்சினான்: “கரடியைக் காப்பதென்றால் என் வேலை போகுமா?” நியாயமான அச்சம். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் தெளிவாக எழுதினார்கள். முறையான மர வேலைக்குத் தடையில்லை; கரடி வாழும் காட்டிலே அது குட்டி போடும் மரத்தை மட்டும் தொடாதே. ஆற்றோரத்தில் 36 அங்குலக் குறுக்களவும், கண்ணுக்குத் தெரியும் பொந்தும் உள்ள சைப்ரஸ், டூப்பலோ மரங்களை விட்டுவிடு. வெள்ளம் சூழும் நாட்டில் தரையில் குகை ஏது? பெண் கரடி உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் ஏறித்தான் குட்டி போடும். அந்தப் பிரசவ அறையை இடிக்காதே என்றது சட்டம். தொழிலாளிக்கு வேலையும் நின்றது. தாய்க்கு மரமும் நின்றது. ஒருவன் வயிற்றில் அடிக்காமல் இன்னொருவன் உயிரைக் காக்க முடியும் என்பதற்கு இது பாடம்.

அதற்கு முன்பே, 1990-ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டத்தில் இன்னொரு திட்டம் வந்திருந்தது. ஆண்டுதோறும் வெள்ளத்தில் மூழ்கி நட்டம் தரும் நிலமா? உழவரே, அதை உழ வேண்டாம். உரிமை உம்மிடமே இருக்கட்டும். அரசு பணம் தரும். அங்கே மறுபடியும் காடு வளரட்டும். வற்புறுத்தல் இல்லை; விரும்பினோர் வந்தார்கள். சோயா விளைந்த வயலில் ஓக் கன்றுகள் எழுந்தன. ஆற்றுச் சமவெளியெங்கும் இலட்சக்கணக்கான ஏக்கர் மீண்டும் காடாயிற்று. துண்டு துண்டாய்க் கிடந்த தோப்புகளுக்கு இடையே பச்சைப் பாதை விழுந்தது. கரடி நடக்க வழி பிறந்தது.

ஆனால் ஒரு காட்டில் கரடி உண்டு. அடுத்த காட்டில் இல்லை. நடுவே நெடுஞ்சாலை. ஆண் கரடி துணிந்து நெடுந்தொலைவு போகும். பெண் கரடி தாய்வீட்டுப் பக்கத்திலேயே தங்கும். பெண் போகாத காட்டில் குடும்பம் ஏது? பிடித்துக் கொண்டுபோய் விட்டாலோ ஓடிவிடும். 1960-களின் தோல்வி கண்முன்னே இருக்கிறது. என்ன செய்வது?

இங்கேதான் உள்ளத்தைத் தொடும் செய்தி. குளிர்காலத்தில் பொந்துக்குள் குட்டிகளோடு படுத்திருக்கும் தாயை மயக்கமருந்து கொடுத்து எடுத்து, குட்டிகளையும் எடுத்து, புதிய காட்டில் புதிய பொந்து அமைத்து ஒன்றாக வைத்தார்கள். கண் விழித்த தாய் பார்க்கிறது: ஊர் புதிது, காடு புதிது. ஓடிவிடலாம். ஆனால் பக்கத்தில் அரைக் கிலோவும் எடையில்லாமல் பிறந்து, இன்னும் நடக்கத் தெரியாத குட்டிகள்! தாய் ஓடவில்லை. குட்டிகள் நடக்கும் வரை காத்திருந்தது. காத்திருந்த காலத்தில் அந்தக் காடு அதற்குச் சொந்தமாயிற்று. 2001 முதல் 2009 வரை இப்படி 48 தாய்களும் 104 குட்டிகளும் குடியேற்றப்பட்டன. துப்பாக்கியால் அழிந்த இனத்தைத் தாய்மை தூக்கி நிறுத்தியது!

இன்னொன்றும் கேளுங்கள். பெண் கரடி கோடையில் கருவுற்றாலும் கரு உடனே வளராது. கருப்பையில் ஒட்டாமல் காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் ஓக் கொட்டையும் பழமும் வயிறாரக் கிடைத்து, உடலில் கொழுப்புச் சேர்ந்தால்தான் கரு வளரும். கிடைக்காவிட்டால் கலைந்துவிடும். அதாவது, கருப்பை காட்டைக் கேட்கிறது: “உணவு இருக்கிறதா? பிறக்கலாமா?” காடு “வா” என்றால் குட்டி. “இல்லை” என்றால் வெறும் வயிறு. சோற்றுக்கு வழியில்லாத வீட்டில் தொட்டில் ஆடாது என்பதை நம் தாய்மார்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளைவு? ஆற்றைத் தாண்டி மிசிசிப்பிக்குப் பெண் கரடிகள் வந்தன. நாற்பதாண்டு அளவு குட்டி பிறந்ததாகக் குறிப்பே இல்லாத அந்த மாநிலத்தில், 2005-இல் குட்டிகள் பிறந்ததைக் கண்டார்கள். 2016-இல், லூசியானா கரடியின் தொகை 500 முதல் 750 வரை இருக்கும் என்று கணித்து, ஆபத்துப் பட்டியலிலிருந்து அதன் பெயரை எடுத்தார்கள். தொடக்கத்தில் நாம் சொன்ன காலடி அந்த வெற்றியின் முத்திரை!

எல்லாம் இன்பமயம் என்று எழுதினால் அதுதான் கரடி விடுவது. பூசை வேளையில் கரடி புகுந்தது போல் என்பார்களே, அப்படியே கொல்லையில் புகுகிறது. தேன்கூட்டுப் பெட்டியை உடைக்கிறது. குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கிறது. ஏழை உழவனின் சோளத்துக்கு யார் பொறுப்பு? “காடு வாழ்க” என்று நகரத்தில் முழங்குபவர் அந்தச் சோளத்துக்கு விலை கொடுப்பாரா? மின்வேலியும், கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டியும், உடனே ஓடி வரும் ஊழியரும் இருந்தால்தான் ஊரும் காடும் ஒத்து வாழும். பாதுகாப்பின் செலவை ஏழையின் தலையில் கட்டுவது பாதுகாப்பாகாது.

மறுபக்கம், 1980-களின் பிற்பகுதியோடு நின்றிருந்த கரடி வேட்டையை 2024 டிசம்பரில் லூசியானா மீண்டும் திறந்தது. குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் அனுமதி. டென்சாஸ் வட்டாரத்தை உள்ளிட்ட பகுதியில். “தொகை தாங்கும்” என்கிறது அரசு. “பட்டியலிலிருந்து எடுத்ததே அவசரம்” என்கிறார்கள் எதிர்ப்போர். நாம் சொல்வது இதுதான்: எண்ணி எண்ணிச் சேர்த்ததை எண்ணாமல் செலவழிக்காதீர்! அழிக்க ஒரு தலைமுறை போதும். ஆக்க எத்தனை தலைமுறை ஆயிற்று, எத்தனை தாய்கள் காத்திருந்தன என்பதை மறவாதீர்!

முடிக்குமுன் ஹோல்ட் காலியரை நினைப்போம். 1936-ஆம் ஆண்டு கிரீன்வில் நகரில் காலமானார். தலைவரின் பெயர் பொம்மைக்கு வந்தது. கயிறு வீசியவரின் பெயரைக் குழந்தைகள் அறியவில்லை. 2004-இல்தான், மிசிசிப்பியில் அவர் அலைந்த அந்தச் சமவெளியில், ஒரு வனவிலங்குப் புகலிடத்துக்கு ஹோல்ட் காலியர் பெயர் சூட்டப்பட்டது. நாட்டிலேயே கறுப்பினத்தவர் ஒருவர் பெயரை முதன்முதல் தாங்கிய புகலிடம் அது என்கிறார்கள். கரடி திரும்பும் நாட்டுக்கு, மறக்கப்பட்ட மனிதரின் பெயரும் திரும்பியது. இரண்டும் ஒரு நூற்றாண்டு தாமதம், என்றாலும் வந்தனவே!

ஆகவே தோழரே, இன்றிரவு உம் குழந்தை பொம்மைக் கரடியை அணைத்துக்கொண்டு “கதை சொல்லுப்பா” என்று கேட்டால், தலைவர் சுடாமல் விட்ட கதையோடு நிறுத்திவிடாதீர். கட்டிய கரடி செத்த கதையையும் சொல்லும். காடு போன கணக்கையும் சொல்லும். குட்டிகளுக்காகப் புதிய காட்டில் நின்றுவிட்ட தாயின் கதையைச் சொல்லும். கடைசியில் இதையும் சொல்லும்:

இரக்கம் கொடுத்தது ஒரு பொம்மை. இடம் கொடுத்தது ஓர் இனத்துக்கே வாழ்வு!